அக்கா தலை சுத்தம்

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் உன் தம்பி பெண்டாட்டியும் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதவும். அத்தானைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. போன வாரம் போன் செய்து "அக்கா எப்படி இருக்கா?" என்றேன். "ம்" என்றார். "தலைவலி ஏதாவது வருதா?" என்றேன். அதற்கும் "ம்" என்றார். பூட்டு ரிப்பேர் செய்கிற மனுஷன் முதல் பூட்டைத் தன் வாய்க்கே போட்டுக்கொண்டு சாவியை எங்கேயோ தொலைத்துவிட்டார். நீயாவது பேசலாம் என்றால், இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு போனைக் காதில் வைத்தாலே தலைக்குள் வண்டு பறக்கிறது என்கிறாய். அதனால்தான் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கத்தரி பிடிக்கிற கை, பேனா பிடித்தால் இப்படித்தான் இழுக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் உனக்கு ஸ்கேன். அந்தக் கட்டியை முதல் தடவை எடுத்தபோது, எல்லாம் போயாச்சு என்று அந்தக் கண்ணாடி போட்ட டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சில வருடம் கழித்து அதே கட்டி, அதே இடத்தில், விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மறுபடி மண்டையைத் திறந்து, எடுத்து, ரேடியேஷன் கரண்ட் வைத்து, அந்த இடத்தில் இன்றுவரை முடி முளைக்கவில்லை. மூன்றாவது முறை வராது என்று யாரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

ஆகவே பையைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன். கத்தரி, மெஷின், சவரக்கத்தி, கழுத்துத் துணி எல்லாம் உள்ளே இருக்கிறது. "நம்ம வீட்டுத் தலையை நாமதான் வெட்டணும், வெளியாள் கை படக் கூடாது" என்பது அப்பா இருந்தபோது சலூனில் போட்ட சட்டம். முதல் ஆபரேஷனுக்கு நான் வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரி ஆள் உன் தலையை மழித்துவிட்டான். அந்தப் புல்வெட்டி விட்டுவைத்த திட்டுகளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை துடிக்கிறது. இரண்டாவது முறை நான் ஓடிவந்து வார்டிலேயே உனக்கு மொட்டை போட்டேன். நர்ஸம்மாகூட "அப்படியே எனக்கும் முன்னால கொஞ்சம் எடுத்து விடுங்க" என்று வந்து உட்கார்ந்தாரே, ஞாபகம் இருக்கிறதா?

மறுபடி வரக் கூடாது. வந்தால், ஒரே ஒரு வரி எழுது. "முடி வெட்டணும், வா." நான் மீதியைப் புரிந்துகொள்வேன்.

இன்னொரு செய்தி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நம் சலூனுக்கு ஒரு கிளை திறக்கப்போகிறேன். ஏற்றி இறக்குகிற நாற்காலி, மூன்று பக்கமும் கண்ணாடி. ஒரே குறை என் தலைதான். போன வருடம் நீ வெட்டியதோடு சரி. இப்போது தோளைத் தொடுகிறது. வருகிறவன் எல்லாம், "முதல்ல உங்க தலையை யாராவது பாருங்க" என்கிறான். என் அக்காதான் பார்க்கணும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் பதிலுக்காகத் தபால்காரரை வழிமறித்துக்கொண்டிருக்கும்,
தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் அத்தான் சௌக்கியம். நான் சௌக்கியம். நீங்கள் இருவரும் சௌக்கியம் என்பதைப் படித்து அவர் "ம்" என்றார். அது சந்தோஷ "ம்". எனக்குப் பழகிவிட்டது.

ஸ்கேன் முடிந்தது. கண்ணாடி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, "தலையில ஒண்ணுமே இல்லம்மா, சுத்தமா இருக்கு" என்றார். இதை என் கணக்கு டீச்சர் ஐந்தாம் வகுப்பிலேயே, ஸ்கேன் இல்லாமல் சொல்லிவிட்டார்.

ஆகவே தலை சுத்தம். முடி வெட்ட வேண்டிய அவசியம் இல்லை. வாசலில் இருக்கிற பையை எடுத்து உள்ளே வை, யாராவது தடுக்கி விழப்போகிறார்கள். எனக்கு இருமல் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஒரே தூசி.

கிளை விஷயம். எதற்குடா கிளை? ஒரு கடை ஒரு இடத்தில் இருந்தால், எங்கே இருக்கிறது என்று தெரியும். போய்ப் பார்க்கலாம், பூட்டலாம், திறக்கலாம். இன்னொரு இடத்தில் திறந்துவிட்டால் அங்கேயும் ஓட வேண்டும். அது போதாதென்று மூன்றாவது ஒரு இடம் தேடும். உட்கார்ந்த இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் என்ன? எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை.

திட்டுகிற மாதிரி எழுதிவிட்டேன். உன்னை இல்லை. நீ திற. நன்றாகத் திற.

வீட்டுக்கு வெள்ளை அடிக்கப்போகிறோம். சாமான்களெல்லாம் தலைகீழாகக் கிடக்கும். கொஞ்ச நாள் என் பார்லரையும் மூடி வைக்கிறேன். கடிதம் தாமதமானால் கவலைப்படாதே. இப்போதைக்கு வரவும் வேண்டாம், உட்கார இடம் இருக்காது. தம்பி பெண்டாட்டியை விசாரித்ததாகச் சொல். அவளை அடிக்கடி சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
தலையில் ஒன்றுமில்லாத அக்கா


ஏப்ரல் 4

அன்பே உருவான, தலை சுத்தமான அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நலத்துக்கும் மேலே.

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டேதான் படித்தேன். நாற்காலியில் இருந்தவருக்குப் பாதி மீசைதான் ஒதுக்கியிருந்தேன். அவரைக் கட்டிப் பிடித்துவிட்டேன். நல்ல மனுஷர், மீதி மீசையைக் கையால் மூடிக்கொண்டு, "என்ன விசேஷம்?" என்றார். "அக்காவுக்கு ஆபரேஷன் இல்ல!" என்றேன். முடி வெட்ட வேண்டாம் என்றால் வேறு என்ன அர்த்தம்? அன்றைக்கே பையை அவிழ்த்துக் கத்தரியை மறுபடி கடை மேஜையில் வைத்தேன். உன் தம்பி பெண்டாட்டி, பையை வைத்திருந்த இடத்தைப் பெருக்கிவிட்டு, மூலையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். "எதுக்குடி அழற, நல்ல சேதிதானே?" என்றால், "அதான் அழறேன், உங்களுக்கு என்ன?" என்கிறாள்.

சந்தோஷத்தைச் சும்மா விடலாமா? ஏப்ரல் 2-ம் தேதி நாள் முழுக்க எல்லோருக்கும் இலவச முடிவெட்டு என்று அறிவித்தேன். காரணம் தெரிய வேண்டாமா? பெரிய பலகை எழுதி வாசலில் மாட்டினேன்: "அக்கா தலை சுத்தம்! இன்று அனைவருக்கும் இலவசம்."

அக்கா, ஊரில் ஒருத்தனுக்கும் மூளைக் கட்டி ஞாபகம் வரவில்லை. எல்லோருக்கும் பேன்தான் ஞாபகம் வந்தது. "அக்காவுக்கு ரொம்ப நாளா இருந்துதா?" என்று துக்கம் விசாரிக்கிற முகத்தோடு ஒருவர் கேட்டார். ஒரு அம்மாள் தன் மூன்று பெண்களையும் வரிசையாக நிறுத்தி, "அந்த அக்காவுக்கு என்ன போட்டீங்களோ அதையே இவங்களுக்கும் போட்டுடுங்க" என்றாள். மெடிக்கல் ஷாப்காரர் வந்து, என் மருந்தைத் தன் கடையில் வைத்து விற்கட்டுமா என்று பேரம் பேசினார். உண்மையைச் சொல்லிச் சொல்லி மதியத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. பிறகு பேன் என்றே ஒத்துக்கொண்டேன். மன்னித்துவிடு. இந்த ஊரில் உனக்குப் பேர் போய்விட்டது.

இரண்டு கையும் வீங்கிக் கிடக்கிறேன். ஆனால் இவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. இந்த வரியை உன் தம்பி பெண்டாட்டிக்குக் காட்டாதே.

வெள்ளை அடித்து முடித்ததும் எழுது. நான் வந்து என் தலையைக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பேனுக்குப் பெயர்போன சலூன்காரன்


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். தாமதத்துக்குக் கோபிக்காதே. கையெழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே, படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அத்தான்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு சொற்கள் பேசி நான் கேட்டதில்லை. மூன்று பெண்கள் வரிசையில் நின்ற இடம் வந்ததும் அவருக்கே சிரிப்பு வந்து நிறுத்திவிட்டார். நானும் சிரித்துத் தொலைத்தேன். இனிமேல் இப்படி எழுதாதே. சிரித்தால் வலிக்கிறது. இருமினால் அதைவிட. ஆனால் பலகை நன்றாக இருந்தது. அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதே.

வெள்ளை அடிக்கிறவர்கள் இழுத்தடிக்கிறார்கள். இன்னும் சுவர் காயவில்லை.

உன் தலையை வெட்ட ஆசைதான். என் கத்தரியைச் சாணைக்குக் கொடுத்திருக்கிறேன், வரட்டும். அதுவரை ஒரு ரப்பர் பேண்டு வாங்கிக் கட்டிக்கொள். அழகாகத்தான் இருக்கும், அப்பாவிடமிருந்து வந்த மூக்கை மட்டும் மறைத்துக்கொள்.

கிளை திறந்தாயா? எழுது. எல்லாவற்றையும் எழுது. அன்றைக்கு என்ன சமைத்தாள், யார் யார் வந்தார்கள், எந்தப் பக்கம் கண்ணாடி மாட்டினாய் என்பதுவரை எழுது. எனக்கு இப்போது படிப்பதற்கு நிறைய நேரம் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்பாய். அதனால் அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

கிளை திறந்தாயிற்று. முதல் ஆளாக யார் உட்கார வேண்டும் என்று யோசித்து, பேங்க் மேனேஜரை அழைத்தேன். கைராசிக்காரர், கனத்த உடம்பு. அவரை உட்காரவைத்து, புது நாற்காலியின் மிதியை மிதித்தேன். ஜம்மென்று மேலே போனது. மறுபடி மிதித்தேன். இன்னும் மேலே போனது. கீழே வரவே மாட்டேன் என்கிறது! அவர் தலை மின்விசிறிக்குப் பக்கத்தில் போய்விட்டது. "தம்பி, எனக்குக் காத்து போதும்" என்கிறார் பாவம். கடைசியில் நான் ஸ்டூல் போட்டு ஏறி நின்று வெட்டினேன். இறங்குவதற்கு எதிர்க்கடையில் ஏணி வாங்கினோம். தெருவே கூடிவிட்டது. "சிரித்தால் வலிக்கிறது" என்று எழுதியிருந்தாய், அதனால் இன்னும் பாதியை எழுதாமல் விடுகிறேன்.

இப்போது கேள்விகள். சிரித்தால் எங்கே வலிக்கிறது? நீ எழுதவில்லை. கத்தரியை இத்தனை நாளாகவா சாணை பிடிக்கிறார்கள்? எனக்குத் தெரிந்து சாணை பிடிக்கிறவர் சைக்கிளை நிறுத்தி, நாம் டீ குடித்து முடிப்பதற்குள் கையில் கொடுத்துவிடுவார். உன் ஊர்ச் சாணைக்காரர் என்ன, இரும்பை உருக்கிப் புதுசாகவே செய்கிறாரா? வெள்ளை அடித்தாயே, என்ன கலர்? அதையும் எழுதவில்லை. உன் கையெழுத்தில் "க" எப்போதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும், இந்தக் கடிதத்தில் எல்லாம் குப்புற விழுந்து கிடக்கின்றன.

கூடவே அத்தானுக்கு ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். அவரிடம் கொடு, நீ படிக்காதே. படிப்பாய், தெரியும். அதில் இவ்வளவுதான் இருக்கிறது: "அத்தான், போனில் ம் சொல்லலாம். கடிதத்தில் ம் எழுத உங்களுக்கே வெட்கமாக இருக்கும். அக்காவுக்கு என்ன?"

இப்படிக்கு,
ரப்பர் பேண்டு போட்ட தம்பி


மே 29

மச்சானுக்கு,

ம்.

உன் அக்காவுக்கு ஏப்ரல் 2-ம் தேதி வலது நுரையீரலில் ஆபரேஷன் நடந்தது. தலையில் இருந்த அதே கட்டிதான் அங்கே போய் முளைத்திருக்கிறது என்கிறார் டாக்டர். எடுத்தாயிற்று. விலா ஓரம் தையல். வலது கை இன்னும் தோளுக்கு மேல் தூக்க வரவில்லை. அதனால்தான் கத்தரி சாணையில் இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளை அடிக்கவில்லை.

உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன்.

அவள் சரியாகத் தூங்குவதில்லை. நானும் தூங்குவதில்லை. அவளுக்குப் பேச ஆள் வேண்டும். எனக்குப் பேச வராது. உனக்கு வரும். வா.

அத்தான்

பி.கு.: இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கல்யாணத்துக்கு முன்பு அவளுக்கு எழுதியவை.


ஜூன் 2

அக்கா,

உன்னை நலம் விசாரிக்க மாட்டேன். இதுவரை விசாரித்த லட்சணம்தான் தெரிகிறதே. வெள்ளிக்கிழமை ரயிலுக்குத்தான் இடம் கிடைத்தது. அதுவரை இந்தக் கோபத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னால் கடையில் நிற்க முடியாது. இன்று காலையில் ஒருவருக்குக் கிருதாவை ஏற்றி ஏற்றிக் காதுக்கு மேலே கொண்டு போய்விட்டேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 2! அன்றைக்குத்தான் நான் பலகை மாட்டினேன். நீ மேஜைமேல் மயங்கிக் கிடந்த நேரத்தில் நான் யாரோ ஒரு ஆளுக்கு முன்முடியைத் தூக்கி வாரிவிட்டு, "எங்க அக்காவுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். நீ அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாய். உனக்கு நெஞ்சில் தையல், அதிலும் சிரித்திருக்கிறாய்.

உன்மேல் பாதிக் கோபம். மீதி என்மேல். முடி வெட்ட வேண்டாம் என்றால் ஆபரேஷனே இல்லை என்று உலகத்தில் வேறு எந்த மடையனாவது நினைப்பானா? நான் நினைத்தேன். என் தொழில் அப்படி. உட்காருகிற ஆளுக்கெல்லாம் கழுத்துக்குக் கீழே துணியைப் போட்டு மூடிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது தலை ஒன்றுதான். உன்னையும் அப்படியே மூடிவைத்திருக்கிறேன்.

நீ பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தலை சுத்தம் என்றாய், தலை சுத்தம்தான். இருமல் என்றாய், இருமல்தான். நல்ல கெட்டிக்காரி!

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இதை நேரில் சொல்ல மாட்டேன், நேரில் சத்தம்தான் போடுவேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

பையை மறுபடி கட்டிவிட்டேன்.

தம்பி


ஜூன் 26

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இந்த முறை நிஜ நலம். சந்தேகமிருந்தால் உன் ஒற்றன் அத்தானைக் கேள். அவர் உனக்குக் கடிதம் எழுதியது தெரிந்து நான் இரண்டு நாள் பேசவில்லை. அவருக்கு அது தெரியவே இல்லை.

நீ போனபிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படிக் கத்தினாயே, பக்கத்து வீட்டு அம்மாள் சொத்துத் தகராறு என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொல்ல வந்தாள். பிறகு நீ அழுததையும் பார்த்துவிட்டு, சொத்தை நான்தான் ஏமாற்றியிருக்க வேண்டும் என்று முடிவு செய்து போய்விட்டாள். பேனுக்கு அடுத்து இந்தப் பேரும் உன்னால்தான்.

கண்ணாடி டாக்டர் சொன்னதை நீயும் கூட இருந்து கேட்டாய். "இந்த வகைக் கட்டி இப்படித்தான். வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும், திரும்ப வரும். நுரையீரல், ஈரல், எலும்புன்னு வேற இடத்துலயும் வரலாம். வராமலும் போகலாம். நாம விடாம தேடிப் பார்த்துக்கிட்டே இருக்கணும், வந்தா அப்பப்ப பார்த்துக்கணும்." எவ்வளவு நாளைக்கு என்று நீ கேட்டபோது அவர் கண்ணாடியைத் துடைத்தாரே, அதுதான் பதில். எனக்கு அது போன மார்ச்சிலேயே தெரியும். தலையில் இருந்தவன் நெஞ்சில் கிளை திறந்திருக்கிறான் என்று தெரிந்த சில நாளில் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தால், நீயும் கிளை திறக்கிறேன் என்று குதித்துக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் விழுந்து பிடுங்கினேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தேன். இப்போது எழுதுகிறேன். உன்னைக் கூப்பிட எனக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. முடி வெட்டணும், வா. நுரையீரலுக்கு முடி வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் அந்த நர்ஸம்மாவிடம் இரண்டு தடவை கேட்டேன், "கொஞ்சமாவது எடுக்கணுமா?" என்று. என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள். காரணம் இல்லாமல் உன்னை வரச் சொன்னால், அக்கா சாகப்போகிறாள் என்று நீ நினைப்பாய். நீ நினைத்தால் நானும் நினைத்துவிடுவேன். அந்தப் பயத்தில்தான் சொல்லவில்லை. மற்றபடி தினமும் நீ வர மாட்டாயா என்று இருந்தது.

நீ வெட்டிவிட்ட முடி அழகாக இருக்கிறது. முளைக்காத அந்த இடம் தெரியவே இல்லை. ஆனால் உன் தலையை நினைத்தால்தான்! என் கை மேலே போகவில்லை, நீயானால் தரையில் உட்கார்ந்து "வெட்டு வெட்டு" என்கிறாய். இடது பக்கம் காதோடு நிற்கிறது, வலது பக்கம் கழுத்துவரை தொங்குகிறது. கடைக்குப் போனதும் முதல் வேலையாக யாரையாவது சரி செய்யச் சொல். அப்பா கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம், என் தலையைத் தவிர.

சரி செய்ய மாட்டேன். சலூன் முதலாளி இப்படி ஒரு தலையோடு நின்றால் வியாபாரம் என்ன ஆகும் என்று உன் தம்பி பெண்டாட்டி தலையில் அடித்துக்கொள்கிறாள். அவள் தலையில் இல்லை, என் தலையில். முதல் வாரம் எல்லோரும் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, அப்படியே திரும்பிப் போனார்கள். பேங்க் மேனேஜர் மட்டும் உள்ளே வந்து, "உங்களுக்கும் நாற்காலி மேலே போயிடுச்சா?" என்றார்.

இரண்டாவது வாரம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணே, எனக்கும் அதே மாதிரி" என்றான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மறுநாள் அவன் நண்பர்களும் வந்து நிற்கிறார்கள். என்ன ஸ்டைல் என்று கேட்டால் "அக்கா கட்டிங்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ கை தூக்க முடியாமல் வெட்டியதை ஊரில் பாதிப் பேர் காசு கொடுத்து வெட்டிக்கொண்டு திரிகிறார்கள். உன் பேர் மீண்டுவிட்டது.

ஒரு முக்கியமான விஷயம். அப்பா போட்ட சட்டத்தில் நான் ஒரு திருத்தம் செய்கிறேன். இனி உனக்கு எங்கே ஆபரேஷன் என்றாலும் நான் வந்து தலையை வெட்டுவேன். நுரையீரலா? தலையை வெட்டுவேன். ஈரலா? தலை. கால் சுண்டுவிரலில் வந்தாலும் தலைதான். டாக்டர் வேண்டாம் என்றால் அவருக்கும் சேர்த்து வெட்டுவேன், அவருக்குப் பின்கழுத்தில் நிறைய வளர்ந்து கிடக்கிறது. ஆகவே உன் வரி இனி எல்லா இடத்துக்கும் செல்லும். கிளை இருப்பதால் எனக்குக் கவலை இல்லை, நான் கிளம்பினால் அங்கே இருக்கிற ஆள் இங்கேயும் பார்த்துக்கொள்வார். அதற்காகவாவது என் கிளையை நீ மன்னிக்க வேண்டும்.

அத்தானுக்கு என் "ம்" சொல்லவும்.

இப்படிக்கு,
அக்கா கட்டிங் தம்பி


நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் அத்தானும் நானும் இருக்கிறோம். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள்.

என் கை இப்போது நன்றாகத் தூக்க வருகிறது. நேற்று மேல் அலமாரியில் இருந்து கத்தரியை நானே எடுத்தேன். சாணை பிடிக்கிறவர் நிஜமாகவே வந்தார், கொடுத்தேன். நீ சொன்னது சரிதான், டீ ஆறுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தலை சுத்தம். நெஞ்சும் சுத்தம். கண்ணாடி டாக்டர் இந்த முறை ஈரலைக் காட்டினார். சின்னதுதான் என்றார். சின்னதை எதற்கு அப்படி உற்றுப் பார்க்கிறார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்கிறார்கள். உன் அத்தான் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்" என்றார். இரண்டு சொல்! எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பயமே வந்தது.

என் முடி ஒரு விரல் நீளம்கூட வளரவில்லை. கண்ணாடி முன்னால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன். வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

முடி வெட்டணும், வா.

அக்கா


நவம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ரயில் ஏறப்போகிறேன். கடையில் ஆள் இருக்கிறது, கிளையில் ஆள் இருக்கிறது. உன் தம்பி பெண்டாட்டியும் கூட வருகிறாள். சொல்லச் சொல்லக் கேட்காமல் தன் பெட்டியையும் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நிற்கிறாள். நாங்கள் உன்னிடம் எதையும் கேட்க மாட்டோம். அவள் சமையலறைக்குப் போவாள், நான் அத்தான் பக்கத்தில் கொஞ்ச நேரம் "ம்" போட்டுக்கொண்டு உட்காருவேன்.

இதைத் தபாலில் போட்டால் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். அதனால் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவருகிறேன். உன்னை ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துணி கட்டி, இதை உன் மடியில் வைப்பேன். இந்த முறை துணியைத் தளர்வாகத்தான் கட்டுவேன், மூச்சு நன்றாக விடு. பலகையையும் கொண்டுவருகிறேன். நீதான் தூக்கிப் போடாதே என்றாய். ஆஸ்பத்திரியில் உன் கட்டில் தலைமாட்டில் மாட்டுவோம். யார் பேன் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

இப்போது நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய். நான் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாத தலையில் சீப்பை வைத்துக்கொண்டிருக்கிறேன். மெதுவாகத்தான் வெட்டுவேன், எனக்கு ஒரு அவசரமும் இல்லை. நீ படித்து முடித்ததும் நான் உட்காருவேன், நீ வெட்டு. கை நன்றாக வந்தாலும் கோணலாகவே வெட்டு, பையன்கள் கேட்கிறார்கள்.

சிரிப்பு வந்தால் சிரி. அழுகை வந்தால் அழு. தலையை மட்டும் ஆட்டாதே, கத்தரி என் கையில் இருக்கிறது.

கொஞ்சம் குனி, அக்கா.

இப்படிக்கு,
உனக்குப் பின்னால் நிற்கும் தம்பி